தீப்பொறிக்கு ஏற்ற நேரம்: பழைய கார்களின் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுவது பற்றி

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை, நெடுஞ்சாலையில் மிஸ்ஸிங். மெக்கானிக் கேப்பைக் கழற்றி, ரோட்டாரை எடுத்துவிட்டு, ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்க்கிறார். "ஆட்டம் வந்துடுச்சு சார், டிஸ்ட்ரிபியூட்டரை மாத்திடலாம்" என்கிறார். சரி, எதை வைத்து மாற்றுவது? இருப்பதையே பழுதுபார்த்து மீட்பது ஒரு வழி. உள்ளே எலக்ட்ரானிக் மாடியூல் வைப்பது இன்னொன்று. வேறொரு காரின் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துவோரும், கைப்பேசியில் டைமிங் எழுதும் புதிய கருவியை வாங்குவோரும், டிஸ்ட்ரிபியூட்டரையே நீக்கிவிடுவோரும் இருக்கிறார்கள்.

இந்த ஐந்து வழிகளையும் ஒன்றாக வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகப் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்துப் பி வரிசை என்ஜினை எடுத்துக்கொள்கிறேன். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் 1798 சிசி அளவிலும், நம் அம்பாசடரில் 1489 சிசி அளவிலும் ஓடியது அந்த என்ஜின். இலங்கைச் சாலைகளில் இன்றும் காணக்கிடைக்கும் மாரிஸ் மைனரின் ஏ வரிசை என்ஜின் அதன் தம்பி. இவை எல்லாவற்றிலும் இருந்தது பர்மிங்ஹாம் லூகாஸ் நிறுவனம் வடிவமைத்த டிஸ்ட்ரிபியூட்டர்தான். 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியபின் அந்தத் தொழில்நுட்பம் நம் ஊருக்கே வந்து சேர்ந்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியை மாட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. அந்த என்ஜினுக்கு எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எத்தனை டிகிரி முன்னதாகத் தீப்பொறி வேண்டும் என்பதே முதல் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் வாங்கும் எந்தக் கருவியும் பாதிப் பயன்தான் தரும்.

இரண்டு வேலைகள்

அமெரிக்காவின் டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தை நிறுவிய சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இக்னிஷன் ஏற்பாடு, 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன் அடிப்படை அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மூன்று நான்கு ஆம்பியர் மின்னோட்டம் ஏறுகிறது. ஷாஃப்டில் உள்ள கேம் பாயிண்டைத் திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென அறுபட, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. கண்டென்சர் அந்த அறுபடலைக் கூர்மையாக்கி, பாயிண்ட் கருகாமல் காக்கிறது. எழுந்த மின்சாரத்தை ரோட்டாரும் கேப்பும் உரிய பிளக்குக்கு அனுப்பிவைக்கின்றன. பி வரிசை என்ஜினில் அந்த ஒழுங்கு 1-3-4-2.

தீப்பொறியைப் பங்கிடுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. இன்னொரு வேலை பாயிண்ட் தட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. பெட்ரோல் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. எரிந்து முடிய நேரம் பிடிக்கிறது. எரிதலின் உச்ச அழுத்தம் பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிச் சற்றே இறங்கும்போது கிடைத்தால்தான் முழு இழுவை. ஆகவே பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே தீ மூட்ட வேண்டும். இந்த முந்துதலின் அளவே அட்வான்ஸ். 3000 ஆர்பிஎம் வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி சுற்ற எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் 18,000இல் ஒரு பங்கு. வேகம் ஏற ஏற, எரிவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கலவையின் சுழற்சி மிகுவதால் எரிதலும் ஓரளவு விரைகிறது. இரண்டையும் கணக்கில் எடுத்து அட்வான்ஸைப் படிப்படியாகக் கூட்டுவது இரு சிறு எடைகளும் இரு ஸ்பிரிங்குகளும். எம்ஜிபியில் நிலையான டைமிங் பொதுவாக 10 டிகிரி. வேகம் ஏறியபின் மொத்த அட்வான்ஸ் 30 டிகிரியைச் சற்றுத் தாண்டும்.

இதற்கு மேல் வேக்குவம் அட்வான்ஸ். சீரான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் செல்லும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைந்திருக்கும், மெல்ல எரியும். அப்போது கூடுதலாகச் சில டிகிரி முன்னதாகவே தீ மூட்டினால் பெட்ரோல் மிச்சமாகும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வேக்குவம் விழுந்து அந்தக் கூடுதல் அட்வான்ஸ் தானே மறைந்துவிடும். எடையும் ஸ்பிரிங்கும் வேகத்தை அறிகின்றன. வேக்குவம் டப்பா சுமையை அறிகிறது. ஒரு கணினியும் இல்லாத காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்து ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. இதை எண்ணும்போதெல்லாம் அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

எது தேய்கிறது

நான்கு சிலிண்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது பாயிண்ட் வினாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அதன் குதிகால் கேமில் உரசித் தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும். லூகாஸ் 25டி4 வகைக்கு இடைவெளி 14 முதல் 16 தவ் வரை, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. பாயிண்ட் மூடியிருக்கும் கோணமான டுவெல் 60 டிகிரி. டுவெல் ஒரு டிகிரி மாறினால் கிராங்கில் டைமிங்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பாயிண்ட் வைத்து, அதன் பிறகே டைமிங் வைப்பார்.

பாயிண்ட் தேய்வது எதிர்பார்த்ததே, மாற்றுவதும் எளிது. தொல்லை தருவது ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷின் தேய்மானம். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் ஒவ்வொரு கேம் முனையிலும் இடைவெளி வேறுவேறாக அமையும். ஒரு சிலிண்டருக்கு முன்னதாகவும் இன்னொன்றுக்குத் தாமதமாகவும் பொறி விழும். டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் குறி ஓரிடத்தில் நில்லாமல் துள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் அட்வான்ஸ் வேகமாக ஏறி நாக்கிங் வரும். எடைகள் துருவேறி இறுகினால் அட்வான்ஸே ஏறாது, கார் சோம்பிப்போகும். வேக்குவம் டப்பாவின் சவ்வு கிழிந்தால் வண்டி ஓடும், மைலேஜ் மட்டும் குறையும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இன்று இதனுடன் புதிய சிக்கலொன்று சேர்ந்திருக்கிறது. சந்தையில் கிடைக்கும் மாற்று உதிரிகள் பலவற்றின் தரம் தாழ்ந்துவிட்டது. ரோட்டாரின் பிளாஸ்டிக் வழியாகவே மின்சாரம் ஷாஃப்டுக்கு இறங்கிவிடுவதும், புதுக் கண்டென்சர் சில நாட்களில் சூடேறிச் செயலிழப்பதும் பழைய கார் உலகில் எங்கும் கேட்கும் குறைகள். எலக்ட்ரானிக்குக்கு மாறியவர்களில் கணிசமானோர் பாயிண்டின் தத்துவத்தை வெறுத்து மாறவில்லை. நல்ல கண்டென்சர் கிடைக்காமல் மாறியவர்கள்.

முதல் வழி: உள்ளதை மீட்பது

புதிய புஷ் அடித்து, ஷாஃப்டைச் சரிபார்த்து, ஸ்பிரிங்குகளை அளவறிந்து மாற்றி, வேக்குவம் டப்பாவைப் புதுப்பித்தால் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இன்னொரு வாழ்நாளுக்குத் தயார். காரின் அசல் தன்மை அப்படியே இருக்கும். வழியில் நின்றால் ஒரு ஸ்குரூடிரைவரும் உப்புத்தாளும் போதும். 25டி4இல் விரலால் திருகி டைமிங்கை நுட்பமாகத் திருத்தும் சிறு குமிழும் உண்டு. 1970களின் நடுவில் வந்த 45டி4இல் அது இல்லை.

குறை என்னவென்றால், இந்த வேலையை முறையாகச் செய்பவர்கள் அருகிவிட்டார்கள். ஷாஃப்டை மோட்டாரில் சுழற்றி, எந்த வேகத்தில் எத்தனை டிகிரி என்று அளக்கும் டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் ஸ்பிரிங்கை மாற்றுவது குருட்டு வேலை. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் அடித்திருக்கும் எண்ணைக் கொண்டு அது எந்த என்ஜினுக்கான அட்வான்ஸ் வரைகோட்டோடு செய்யப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கலாம். அந்த எண்ணைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் பல கார்களில் அந்நியமான வரைகோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் வழி: உள்ளே எலக்ட்ரானிக்

பாயிண்டும் கண்டென்சரும் இருந்த இடத்தில் சிறு மாடியூல் ஒன்றை வைப்பது இன்று அதிகம் பேர் செல்லும் வழி. அமெரிக்காவின் பெர்ட்ரோனிக்ஸ், ரோட்டாருக்கு அடியில் காந்த வளையம் வைத்து ஹால் உணர்வியால் அதை அறிகிறது. பிரிட்டனின் லூமினிஷன் ஒளிக்கற்றையை வெட்டும் தகட்டைப் பயன்படுத்துகிறது. உரசும் குதிகால் இல்லை, டுவெல் மாறுவதில்லை, கேப்பை மூடிவிட்டால் வெளியே எந்த மாற்றமும் தெரியாது. வேண்டாமென்றால் அரை மணி நேரத்தில் பாயிண்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் இந்த மாடியூல் பாயிண்டின் வேலையை மட்டுமே ஏற்கிறது. அட்வான்ஸ் தருவது இன்னும் அதே எடைகளும் அதே ஸ்பிரிங்குகளும்தான். ஷாஃப்ட் ஆட்டத்தின் விளைவு குறையும், அடியோடு போகாது. தேய்ந்துபோன டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விலையுயர்ந்த மாடியூலை வைத்துவிட்டு "எலக்ட்ரானிக் போட்டும் பிக்கப் வரலையே" என்று வருந்துபவர்கள் முதல் வழியைத் தாண்டிக் குதித்தவர்கள்.

வரலாற்றில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கிரைஸ்லர் 1973இலேயே தன் கார்கள் அனைத்திலும் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்து வெற்றி கண்டது. லூகாஸ் தன் ஓபஸ் ஏற்பாட்டை ஜாகுவார் வி12 என்ஜினிலும், 1975 முதல் அமெரிக்காவுக்குச் சென்ற எம்ஜிபியிலும் வைத்தது. எம்ஜிபியில் எலக்ட்ரானிக் பகுதி என்ஜினின் சூட்டிலேயே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அமைந்திருந்தது. நம்பகத்தன்மையில் கெட்ட பெயர் வாங்கியது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய 25டி4ஐயோ 45டி4ஐயோ மாட்டிய எம்ஜிபி உரிமையாளர்கள் ஏராளம். எலக்ட்ரானிக் என்ற பெயர் மட்டும் நம்பகத்துக்கு உத்தரவாதம் ஆகாது. சூட்டையும் மின்னோட்டத்தையும் தாங்கும் வடிவமைப்பே உத்தரவாதம்.

மூன்றாம் வழி: வேறொரு காரிலிருந்து

ஒரே என்ஜின் குடும்பத்தில் பின்னாளில் வந்த மேம்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரை முன்னாளைய காரில் பொருத்துவது நல்ல பலன் தரக்கூடியது. டாட்சன் 240இசட் கார்களில் பின்னால் வந்த 280இசட்எக்ஸின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை ஏற்றுவது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. என்ஜின் ஒரே குடும்பம் என்பதால் கியரும் அச்சும் ஒத்துப்போகின்றன.

எதிர்மறையான பாடம் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கிடைக்கிறது. போஷ் நிறுவனத்தின் 009 வகை டிஸ்ட்ரிபியூட்டர் விலை மலிவு, கட்டமைப்பு எளிது. பல நாடுகளில் பீட்டில் உரிமையாளர்கள் அதை ஆசையோடு வாங்கி மாட்டினார்கள். ஆனால் அதில் வேக்குவம் அட்வான்ஸ் கிடையாது. 1970களின் பீட்டில் கார்புரேட்டரோ வேக்குவம் அட்வான்ஸை நம்பி அமைக்கப்பட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் என்ஜின் ஒரு கணம் திணறி, அதன்பிறகே இழுக்கும். ஆண்டுக்கணக்கில் பலர் அந்தக் குறையைக் கார்புரேட்டரில் தேடினார்கள்.

கியரின் உலோகமும் கவனத்துக்கு உரியது. ஃபோர்டு வி8 என்ஜின்களில் ரோலர் வகை எஃகுக் கேம்ஷாஃப்டுக்கு எஃகுக் கியர் வேண்டும். பழைய வார்ப்பிரும்புக் கியரோடு ஓட்டினால் தேய்ந்து தூளாகும். பி வரிசையில் கியர் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் மையம் விலகிய நாக்கு ஒன்று அதன் பள்ளத்தில் அமர்கிறது. சரியான திசையில் மட்டுமே அமரும் ஏற்பாடு அது. ஆனால் வேறொரு டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த நாக்கு 180 டிகிரி திரும்பியிருக்கலாம். என்ஜினைப் பிரித்து மாட்டியவர் உள்ளே இருக்கும் கியரையே மாற்றி இறக்கியிருக்கவும் கூடும். முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் மேல்முனையில் நிறுத்தி, ரோட்டார் எங்கே பார்க்கிறது என்று உறுதி செய்வதே இதற்கு மருந்து.

நான்காம் வழி: நிரல் ஏற்கும் டிஸ்ட்ரிபியூட்டர்

நெதர்லாந்தின் 123இக்னிஷன் போன்ற கருவிகள் வெளித்தோற்றத்தில் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை ஒத்திருக்கும். உள்ளே எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. எல்லாக் கணக்கையும் சிறு கணினி போடுகிறது. ஒரு வகையில் 16 வரைகோடுகள் முன்பே எழுதப்பட்டிருக்கும்; சிறு சுவிட்சைத் திருப்பித் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு வகையில் மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ நாமே வரைகோட்டை எழுதலாம்.

கேம் மாற்றிய என்ஜின், கம்ப்ரெஷன் கூட்டிய என்ஜின், வேறு கார்புரேட்டர் ஏற்றிய என்ஜின் ஆகியவற்றுக்கு இது பெரிய வரம். தொழிற்சாலை எழுதிய வரைகோடு அவற்றுக்குப் பொருந்தாது என்பதால், புதிதாக எழுதும் வசதி அங்கே உண்மையிலேயே தேவை. ஆனால் எழுதுபவருக்கு என்ன எழுதுவது என்று தெரிந்திருக்க வேண்டும். டைனோவில் ஏற்றி அளக்காமல் ஊகத்தில் நான்கு டிகிரி கூட்டினால், காதுக்கு எட்டாத நாக்கிங் பிஸ்டனை மெல்ல மெல்ல அரித்துவிடும். பழுதானால் தெருமுனைப் பட்டறையில் சரிசெய்யவும் முடியாது. நெடும்பயணத்தில் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிபார்த்து டிக்கியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் வழி: டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல்

கிராங்க் புல்லியில் பல்சக்கரம் பொருத்தி, அதன் பற்களை உணர்வி எண்ணி, காயில் தொகுப்பு நேரடியாகப் பிளக்குக்குப் பொறி அனுப்பும் வழி இது. ஃபோர்டின் இடிஐஎஸ் ஏற்பாடு பழைய கார் உலகில் மிகவும் விரும்பப்பட்டது. 36 பல் இடங்களில் ஒன்று மட்டும் காலியாக விடப்பட்ட சக்கரம், மெகாஜோல்ட் என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு காயில்கள். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கும் மற்றொன்று 2, 3 சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் பொறி தரும். ஒன்று வேலை செய்ய, மற்றது புகை வெளியேறும் வீச்சில் வீணாகப் போகும். கட்டுப்பாட்டுக் கருவி பழுதானாலும் இடிஐஎஸ் தானாகவே 10 டிகிரியில் ஓடி நம்மை வீடு சேர்த்துவிடும்.

துல்லியத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அளவீடு கிராங்கிலேயே நடப்பதால் செயின் தளர்வும் கியர் தேய்வும் டைமிங்கைத் தொடுவதில்லை. இந்தத் தத்துவமும் முற்றிலும் புதியதன்று: 1948இல் வந்த சித்ரோயன் 2சிவி டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல், இரு பிளக்குகளுக்கும் ஒரே காயிலில் பொறி தந்தது. ஆனால் பழைய காரில் இதைச் செய்வதற்குப் புல்லி, தாங்கி, ஒயரிங் என்று நிறைய மாற்ற வேண்டும்; பானட்டைத் திறந்தாலே அந்நியமாகத் தெரியும். ஃபோர்டு வி8 போன்ற சில என்ஜின்களில் ஆயில் பம்பை ஓட்டுவதும் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்தான்; அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் கழற்றினால் என்ஜினே போய்விடும். பந்தயக் காருக்கும் முழுதாக மாற்றியமைத்த காருக்கும் இது ஏற்ற வழி. வாரக் கடைசியில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் அம்பாசடருக்கு இது தேவையில்லை.

ஒயரிங்கில் பலியாகும் மாடியூல்கள்

எந்த எலக்ட்ரானிக் வழியைத் தேர்ந்தாலும் மூன்று சோதனைகளைச் செய்யாமல் சாவியைத் திருப்பக் கூடாது. முதலாவது, எர்த். 1967 வரை வந்த எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருக்கும். அதை அறியாமல் நெகட்டிவ் எர்த் மாடியூலை இணைத்தால் கணத்தில் கருகும். இரண்டாவது, காயிலின் மின்தடை. சாதாரணக் காயிலுக்குச் சுமார் 3 ஓம். பலாஸ்ட் தடையோடு ஓட வேண்டிய காயிலுக்குச் சுமார் 1.5 ஓம். இரண்டாவது வகையைப் பலாஸ்ட் இல்லாமல் இணைத்தால், 14 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் பாயும். எளிய மாடியூல் தாங்காது. மாறாக, பலாஸ்ட் வழியாக வரும் குறைந்த வோல்ட்டை மாடியூலுக்குக் கொடுத்தால் அது திணறும். மூன்றாவது, ஆர்பிஎம் மீட்டர். பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களில் ஒரு வகை காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைப் பார்த்து இயங்குவது. இக்னிஷன் மாறினால் அது தாறுமாறாகக் காட்டலாம்.

பெட்ரோல் மாறிவிட்டது

தொழிற்சாலை வரைகோட்டைப் புனிதமாகக் கருதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வரைகோடு எழுதப்பட்டபோது கிடைத்த பெட்ரோல் இன்று இல்லை. ஈயம் போய்விட்டது. இந்தியாவில் பிஎஸ்6 உமிழ்வு விதி வந்தபின் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே எங்கும் விற்பனையாகிறது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டுகிறது. அதில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் அமைப்பில் கலவை மெலிந்துபோகிறது. குறைந்த ஆக்டேனுக்கு அஞ்சித் தாமதமாக வைக்கப்பட்ட டைமிங் இன்று தேவைக்கு மேல் தாமதமாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே கார்புரேட்டர் ஜெட்டைச் சரிசெய்து, அதன்பின் நாக்கிங் வருகிறதா என்று கேட்டபடி ஓரிரு டிகிரி முன்னே நகர்த்திப் பார்ப்பது நியாயமான சோதனை. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டைமிங் லைட் போதும்.

அசலும் சட்டமும்

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டு கடந்த வாகனத்தை அதன் காலத்துக்குரிய நிலையிலேயே பேணச் சொல்கிறது. செய்யும் மாற்றம் திரும்பப் பெறக்கூடியதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது பாரம்பரியப் பேணலின் பொதுவான நெறி. இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதித்திருத்தம், 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாத வாகனத்தை வின்டேஜ் என்று வரையறுத்து, விஏ வரிசைப் பதிவெண் தந்தது. கேப்புக்குள் மறைந்திருக்கும் மாடியூல் ஒரு காரின் அசல் தன்மையைக் கெடுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் காயலான் கடையில் போடுவது கெடுக்கும். அதன் எண்ணும் வரைகோடும் அந்தக் காரின் பிறப்புச் சான்று. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, காரோடு வைத்திருக்க வேண்டும். கார் கைமாறினால் அதுவும் கூடவே போக வேண்டும்.

எடை போட்டால்

ஐந்து வழிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வரிசை தெளிவாகிறது. முதலில் அளப்பது: ஷாஃப்ட் ஆட்டம் எவ்வளவு, டைமிங் லைட்டில் குறி நிலைத்து நிற்கிறதா, வேகம் ஏறும்போது அட்வான்ஸ் எத்தனை டிகிரி ஏறுகிறது, வேக்குவம் டப்பாவில் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர்கிறதா. இந்த நான்கு விடைகளும் கையில் இருந்தால் பாதி முடிவு தானே வந்துவிடும். அசல் என்ஜின் உள்ள காருக்குப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை மீட்டு, நல்ல பாயிண்ட் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் தரமான மாடியூலையும் வைப்பதே சிறந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே மீட்க முடியாத அளவு தேய்ந்திருந்தாலோ, என்ஜின் மாற்றம் கண்டிருந்தாலோ நிரல் ஏற்கும் கருவிக்குப் போகலாம். வேறொரு காரிலிருந்து எடுப்பது என்றால் அதன் வரைகோடு தெரிந்தபிறகே எடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை நீக்குவது, பழைய நிலைக்குத் திரும்பும் எண்ணமே இல்லாத காருக்கு மட்டும்.

இதில் தனிப்பட்ட உரிமையாளரைத் தாண்டிய கடமையும் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை விரலால் இழுத்தே அதன் பலத்தைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. அதைத் தமிழில் எழுதிவைத்தவர்களும் அரிது. பழைய கார் சங்கங்கள் ஆண்டுக்கொரு ஊர்வலம் நடத்துவதோடு நின்றுவிடாமல், பொதுவாக ஒரு டெஸ்ட் பெஞ்சை வாங்கி வைத்து, வருகிற ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரின் எண்ணையும் வரைகோட்டையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவேடு கையில் இருந்தால், நாளை எந்தக் கருவி சந்தைக்கு வந்தாலும் அதில் எதை எழுதுவது என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.